சட்டம் மறைந்ததா, நிறைவேறியதா?

ஒரு நாள் ஞானோபதேச வகுப்பில் எங்களுக்குள் ஒரு கேள்வி எழுந்தது. "இயேசு யூத முறைப்படியே உண்டார், சனிக்கிழமையே அவருக்கு ஓய்வு நாள். அவரைப் பின்பற்றும் நாம் ஏன் அப்படிச் செய்வதில்லை?" விளையாட்டாகக் கேட்ட கேள்விதான். ஆயினும் விடை தேடியபோது நம் விசுவாசத்தின் வேரையே கண்டோம்.

'தோரா' என்னும் எபிரேயச் சொல்லுக்குப் போதனை என்பது பொருள். ஆதியாகமம் முதல் உபாகமம் வரையுள்ள ஐந்து நூல்களே தோரா. அவற்றில் 613 கட்டளைகள் உள்ளன என்பது யூத மரபு. செய்ய வேண்டியவை 248, செய்யலாகாதவை 365. அறுவடையின்போது வயலின் ஓரத்தை ஏழைகளுக்கும் அந்நியருக்கும் விட்டுவிட வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. மோவாபு நாட்டுப் பெண்ணாகிய ரூத், பெத்லகேமில் கதிர் பொறுக்கிப் பிழைத்தது இந்தச் சட்டத்தால் அன்றோ? அவளுடைய வழியில்தான் தாவீதும், பின்னர் மெசியாவும் தோன்றினர்.

இயேசு எட்டாம் நாளில் விருத்தசேதனம் பெற்றார். தேவதாய் ஏழைகளின் காணிக்கையுடன் அவரை ஆலயத்தில் ஒப்புக்கொடுத்தார். தாம் சட்டத்தை அழிக்க வரவில்லை, நிறைவேற்றவே வந்ததாக மலைப்பொழிவில் அவரே போதித்தார். இறையன்பு, பிறரன்பு என்று அவர் காட்டிய இரு பெரும் கட்டளைகளும் புதியவை அல்ல. முன்னது உபாகமத்திலும் பின்னது லேவியராகமத்திலும் உள்ளன.

அப்படியானால் எல்லா விதிகளும் நமக்கும் உரியவையா? ஏறக்குறைய கி.பி. 49-ஆம் ஆண்டில் இக்கேள்வி திருச்சபையையே கலக்கியது. யூதரல்லாதவரும் விருத்தசேதனம் பெற்றாலன்றி மீட்படைய முடியாது என்று சிலர் அந்தியோக்கியாவில் போதித்தனர். அப்போஸ்தலர்கள் யெருசலேமில் கூடினர். இராயப்பரும் யாகப்பரும் பேசினர். யூதரல்லாத விசுவாசிகள்மேல் அந்தச் சுமையைச் சுமத்தலாகாது என முடிவாயிற்று. சிலைகளுக்குப் படைத்தவை, இரத்தம், நெரிக்கப்பட்ட விலங்கின் இறைச்சி, கெட்ட நடத்தை ஆகிய நான்கை மட்டும் விலக்கும்படி கடிதம் எழுதினர். ஆகவே சடங்கு விதிகள் நம்மைக் கட்டுவதில்லை. ஆனால் பத்துக் கட்டளைகள் என்றும் நிலைத்தவை. ஆண்டவர் உயிர்த்த ஞாயிறே நமக்கு ஓய்வு நாள்.

இன்றும் இயேசுவை மெசியாவாக ஏற்று, சனிக்கிழமை ஓய்வையும் பாஸ்காவையும் கடைப்பிடிக்கும் யூதர்கள் உண்டு. அவர்களை மெசியானிய யூதர் என்பர். ஆனால் யூதருள் மிகப் பெரும்பாலோர் இயேசுவை மெசியாவாக ஏற்பதில்லை. அதற்காக அவர்களை வெறுக்கலாமா? சிலுவைப் பாதை செய்யும்போது எங்களுள் சிலர் யூதர்களைக் கோபத்துடன் நினைத்ததுண்டு. அது தவறென்று இப்போது உணர்கிறோம். யூதர்கள் கடவுளால் சபிக்கப்பட்டவர்கள் என்று காட்டலாகாது என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் அறிக்கையிட்டது. 1986-இல் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் உரோமை யூத செபக்கூடத்திற்குச் சென்று, அவர்களை மூத்த சகோதரர் என்னும் பொருள்பட அழைத்தார்.

சட்டம் மறையவில்லை, அன்பில் நிறைவேறியது. நமக்கு வயல் இல்லாதிருக்கலாம். ஆனால் உலை வைக்கும்போது ஏழைகளுக்கென எடுத்து வைக்கும் பிடி அரிசி, நாம் விட்டுவைக்கும் வயலோரம் ஆகும். புறாக்களைக் காணிக்கையாக்கிய நம் அன்னையும் மோயீசன் சட்டத்தைக் கடைப்பிடித்த யூதப் பெண்ணே என்பதை மறவாதிருப்போம்.

– பத்தாம் வகுப்பு மாணவி