உயிர்ச்சத்து 'ஈ' : நன்மையும் அளவும்

முன்னுரை

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பது நம் முன்னோர் மொழி. அச்செல்வத்தை மருந்துக்கடையில் விலைக்கு வாங்கிவிடலாம் என்னும் எண்ணம் இன்று பரவி வருகின்றது. பரவையிலிருந்து மதுரை நகருக்குள் செல்லும் வழியில் உள்ள எந்த மருந்துக்கடையிலும், எண்ணெய் நிரம்பிய உயிர்ச்சத்து 'ஈ' மாத்திரைகள் மருத்துவர் சீட்டு இன்றியே கேட்டவுடன் கிடைக்கின்றன. இளையோர் முகப்பொலிவுக்கும் கூந்தல் வளர்ச்சிக்கும் அதனை நாடுகின்றனர். முதியோர் இதயத்திற்கும் கண்ணுக்கும் காவல் எனக் கருதி நாள்தோறும் உட்கொள்கின்றனர். இந்நம்பிக்கை எந்த அளவிற்கு மெய், இம்மாத்திரை எந்த அளவிற்குத் தீங்கற்றது என்பதை இக்கட்டுரையில் காண முற்படுகிறோம்.

பெயரும் பிறப்பும்

1922ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஹெர்பர்ட் எவன்ஸ், கேத்தரின் பிஷப் ஆகிய இருவரும் எலிகளைக் கொண்டு ஆய்வு நிகழ்த்தினர். குறிப்பிட்ட ஓர் உணவை மட்டுமே உண்ட பெண் எலிகள் நலமாக இருந்தும் குட்டி ஈனவில்லை; கரு வயிற்றிலேயே அழிந்தது. கீரை வகையும் கோதுமை முளையும் சேர்த்தளித்தபோது அக்குறை நீங்கியது. அவ்வுணவுகளில் மறைந்திருந்த பொருளே பின்னர் உயிர்ச்சத்து 'ஈ' எனப்பட்டது. 1936இல் கோதுமை முளை எண்ணெயிலிருந்து அதனைப் பிரித்தெடுத்த எவன்ஸ் குழுவினர், மகப்பேற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை அடியாகக் கொண்டு 'டோகோஃபெரால்' எனப் பெயரிட்டனர்.

தமிழில் 'ஈ' என்பது கொடு எனப் பொருள்படும் ஓரெழுத்தொருமொழி. அதனை இரப்போன் கூற்றாகத் தொல்காப்பியர் குறிப்பார். இந்த 'ஈ' நமக்கு எதனை ஈகின்றது என்பதே அடுத்த வினா.

உடலில் ஆற்றும் பணி

நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவையும் கொழுப்பாலாகிய மெல்லிய சவ்வு சூழ்ந்துள்ளது. உயிர்வளியால் அச்சவ்வு சிதைவதை உயிர்ச்சத்து 'ஈ' தடுக்கிறது. திறந்து வைத்த எண்ணெய் நாளடைவில் சிக்கு நாற்றம் அடைவதை நாம் அறிவோம். அதனையொத்த கேடு உடலினுள் நிகழாமல் காப்பதே இதன் தலையாய பணி எனலாம். இச்சத்து அறவே குறைந்தால் நரம்பும் தசையும் தளரும்; நடை தள்ளாடும். எனினும் இத்தகைய குறைபாடு நலமுள்ளோரிடம் மிக அரிது. கொழுப்பை உறிஞ்ச இயலாத குடல், கல்லீரல் நோயாளிகள், குறைமாதக் குழந்தைகள், அரிய மரபுக் குறையுடையோர் ஆகியோரிடமே பெரிதும் காணப்படுகிறது.

அடுக்களையில் உள்ள 'ஈ'

வளர்ந்தோர்க்கு நாளொன்றுக்கு 15 மில்லிகிராம் போதும் என அமெரிக்க வல்லுநர் குழு 2000ஆம் ஆண்டில் வரையறுத்தது. ஒரு மேசைக்கரண்டி சூரியகாந்தி எண்ணெயில் ஏறத்தாழ 5 மில்லிகிராமும், கடலை எண்ணெயில் ஏறத்தாழ 2 மில்லிகிராமும் உள்ளன. நூறு கிராம் நிலக்கடலையில் சுமார் 8 மில்லிகிராமும், பாதாம் பருப்பில் சுமார் 25 மில்லிகிராமும் அடங்கும். பரவைச் சந்தையில் நாளும் வந்திறங்கும் கீரைகளிலும் இச்சத்து உண்டு. வடைச்சட்டியில் மீண்டும் மீண்டும் காய்ச்சிய எண்ணெயிலோ அது பெரிதும் அழிந்துவிடும்.

இவ்வளவுகளை மனத்திற்கொண்டு கடையில் விற்கும் மாத்திரையை நோக்குவோம். அதன் மேல் 400 மில்லிகிராம் எனப் பொறிக்கப்பட்டிருப்பதைப் பலரும் கண்டிருப்பர். அஃது அன்றாடத் தேவையின் பன்மடங்காகும்.

மதுரையில் ஓர் ஆய்வு

கண்புரையை மாத்திரையால் தடுக்க இயலுமா என்னும் வினாவிற்கு விடை காண நம் மதுரையே களமாயிற்று என்பது பலரும் அறியாத செய்தி. மருத்துவர் கோ. வெங்கடசாமி அவர்கள் 1976ஆம் ஆண்டில் பதினொரு படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் மருத்துவர்களும், அமெரிக்க மருத்துவர்களும் இணைந்து தென்னாட்டுச் சிற்றூர் மக்கள் 798 பேரை ஐந்தாண்டுகள் ஆராய்ந்தனர். ஒரு சாரார்க்கு உயிர்ச்சத்து 'சி', 'ஈ', பீட்டா கரோட்டின் அடங்கிய மாத்திரை வழங்கப்பட்டது. மறு சாரார்க்கு மருந்தில்லா வெற்று மாத்திரை வழங்கப்பட்டது. எவர் எதனைப் பெற்றார் என்பதை உண்டவரும் அறியார். கண்ணைச் சோதித்த மருத்துவரும் அறியார். எனவே விருப்பு வெறுப்பிற்கு அங்கு இடமில்லை.

2006இல் முடிவு வெளியாயிற்று. இரு சாராரிடமும் கண்புரை ஒன்றுபோலவே வளர்ந்திருந்தது. இம்மக்களின் அன்றாட உணவிலோ இத்தகைய சத்துகள் பொதுவாகக் குறைவு. குறைவுடையோர்க்கே பயன் தராத மாத்திரை நிறைவுடையோர்க்குப் பயன் தரும் என எதிர்பார்க்க இயலாது. ஆகவே மாத்திரையை நம்பி அறுவை மருத்துவத்தை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடும் பெரியவர்கள் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

உலக ஆய்வுகள் உரைப்பன

இதயம் பற்றிய நம்பிக்கை 1993ஆம் ஆண்டில் வலுப்பெற்றது. உயிர்ச்சத்து 'ஈ' உட்கொள்வோரிடம் இதயநோய் குறைவு என அவ்வாண்டு அமெரிக்க ஆய்வுகள் இரண்டு தெரிவித்தன. ஆனால் தாமே விரும்பி மாத்திரை உண்போர் பெரும்பாலும் உணவிலும் உடற்பயிற்சியிலும் கருத்துடையவர்கள். அவர்தம் நலத்திற்கு மாத்திரைதான் காரணமா, வாழ்க்கை முறை காரணமா என்பதை அவ்வகை ஆய்வு பிரித்துக் காட்டாது.

கேரளத்தில் பிறந்த மருத்துவர் சலீம் யூசுஃப் தலைமையில் ஒன்பதாயிரத்திற்கும் மேற்பட்டோரிடம் நிகழ்ந்த ஆய்வு 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. மதுரை ஆய்வைப் போன்றே மாத்திரையும் வெற்று மாத்திரையும் பகிர்ந்தளித்து நடந்த அதில், மாரடைப்பைத் தடுக்கும் ஆற்றல் எதுவும் காணப்படவில்லை. 2005இல் வெளியான அதன் தொடர்ச்சியில் இதயச் செயலிழப்பு சற்று மிகுந்திருந்தமை தெரிந்தது. 35,533 ஆடவர்களிடம் நிகழ்ந்த மற்றோர் ஆய்வு 2011இல் தந்த செய்தி மேலும் கவலைக்குரியது. உயிர்ச்சத்து 'ஈ' உண்டவர்களிடம் புரோஸ்டேட் சுரப்பிப் புற்றுநோய் 17 விழுக்காடு மிகுந்திருந்தது.

பயனே இல்லையா எனின், உண்டு. நீரிழிவு இல்லாத சில கல்லீரல் கொழுப்பு நோயாளிகளுக்கு நன்மை விளைந்ததை 2010ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. முதுமையில் விழித்திரையின் நடுப்பகுதி தேயும் நோய் முற்றுவதை, 'ஈ' உள்ளிட்ட சத்துகளின் கூட்டு மாத்திரை ஓரளவு தாமதப்படுத்துவதை 2001இல் வெளியான ஆய்வு காட்டியது. இவை நோயை அறிந்து, மருத்துவர் அளவிட்டுத் தரும் மருந்துகள். எல்லார்க்கும் உரியன அல்ல.

கருத்தில் கொள்ளத்தக்கவை

இச்சத்து மிகுந்தால் குருதி உறைதல் தடைப்படலாம். வார்ஃபாரின், குளோபிடோக்ரல், ஆஸ்பிரின் போன்ற மருந்துகளை உட்கொள்வோர் தாமாக இதனைச் சேர்த்துக்கொண்டால் குருதிப்போக்கு நேரும் வாய்ப்பு உண்டு. அறுவைக்கு முன்னர் இம்மாத்திரை உண்பதை மருத்துவரிடம் மறவாது கூறல் வேண்டும். அதே வேளையில், மருத்துவர் நோயறிந்து எழுதித் தந்த மாத்திரையை இக்கட்டுரையைப் படித்து நிறுத்துதலும் தவறு.

உணவில் உள்ள 'ஈ' மிகையாகித் தீங்கு செய்வதில்லை. மாத்திரைக்கே வரம்பு தேவைப்படுகிறது. நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் என அமெரிக்கரும், 300 மில்லிகிராம் என ஐரோப்பியரும் மேல்வரம்பு வகுத்துள்ளனர். மாத்திரையை உடைத்து முகத்தில் பூசுவோர் சிலர்க்குத் தோல் ஒவ்வாமை ஏற்படுவதும் உண்டு. இம்மாத்திரையின் மேலுறை பெரும்பாலும் விலங்கின் எலும்பு, தோல் ஆகியவற்றிலிருந்து எடுக்கப்படும் ஜெலட்டினால் ஆனது. எனவே ஹலால் நோக்குவோரும் புலால் மறுப்போரும் அதன் மூலத்தைக் கேட்டறிதல் தகும்.

முடிவுரை

'மாத்திரை' என்னும் சொல்லுக்கு அளவு என்பது பொருள். 'ஈ' என்னும் நெடிலுக்கு இலக்கணம் வகுத்த மாத்திரை இரண்டு. அதற்கு மேல் நீளின் அஃது அளபெடை. மருந்து என்னும் அதிகாரத்தைத் தொடங்கும் வள்ளுவரும் மிகுதி, குறைவு ஆகிய இரண்டுமே நோய் செய்யும் என்கிறார். ஒரு பிடி நிலக்கடலையும், அளவான நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும், நாள்தோறும் ஒரு கீரையும் நம் வீடுகளில் அமையுமாயின், நலமுடையோர் இந்த 'ஈ'யை மருந்துக்கடையில் இரந்து நிற்க வேண்டுவதில்லை. நோயுற்றோர் மருத்துவரைக் கேட்டு உண்க. மாணவச் செல்வங்கள் இச்செய்தியைத் தம் இல்லத்துப் பெரியவர்களிடம் எடுத்துரைப்பார்களாக.