நாற்சில்லுச் சுக்கானின் நோய்நாடல்

எருதிரண்டு பூட்டி வயலுழுத காலத்திலே, முன்கால் ஒருவழியும் பின்கால் ஒருவழியுமாய்ச் சென்றனவென்று முறையிட்டார் எவருமிலர். நான்கு சில்லுகளாலும் திரும்பும் உழவியந்திரம் வைத்திருப்போரோ இம்முறைப்பாட்டை நன்கறிவர். கனடாவின் புல்வெளி மாகாணமொன்றிலே பண்ணைத் தொழில் புரியும் எம் பழைய மாணவர் ஒருவர், விடுமுறையில் எம்மைக் காண வந்தவிடத்து உரைத்த செய்தியே இவ்வியாசத்துக்கு வித்தாயிற்று. தமிழாசிரியர்க்கு இயந்திரத்தோடு என்ன உறவென்று அன்பர்கள் வினவலாம். கேட்டதைத் தெளிவுற எழுதிவைத்தல் எம் தொழிலன்றோ!

அமெரிக்க நாட்டுக் கேசு நிறுவனம் 1964ஆம் ஆண்டில் 1200 என்னும் உழவியந்திரத்தை வெளியிட்டது. நான்கு சில்லுகளும் இழுப்பன, நான்கும் திரும்புவன. பின்வந்த 2470, 4490 முதலியனவும் அவ்வழியினவே. இவற்றின் உடல் நடுவே மடிவதன்று. முன்சில்லு மட்டும் திரும்பலாம். பின்சில்லு மட்டும் திரும்பலாம். இரண்டும் எதிரெதிராய்த் திரும்பிக் குறுகிய வட்டத்திற் சுழலலாம். இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்து நண்டுபோல நகரலாம்.

பின்சில்லை இலத்திரனியலால் ஆளும் அமைப்புக்களிலே, முன்னச்சிலும் பின்னச்சிலும் சில்லின் கோணத்தை அறிவிக்கும் உணரிகள் உண்டு. கட்டுப்பாட்டுப் பெட்டி அவ்விரண்டையும் ஒப்பிட்டு, வேறுபாடு நீங்குமட்டும் வால்வைத் திறந்து எண்ணெயைச் செலுத்தும். உணரியென்பது பெரும்பாலும் ஒரு மாறுந்தடையே. வானொலியின் ஒலிகூட்டும் குமிழினுள் இருப்பதும் அதுவே. பழைய குமிழைத் திருகுங்கால் கரகரவென்பதைக் கேளாதார் யார்? உணரி தேய்ந்தாலும் அதே கரகரப்புத்தான். ஆயின் அதன் பயனாகப் பல தொன் எடைகொண்ட இயந்திரத்தின் பின்சில்லு சடுதியாக வெட்டித் திரும்பும்.

மேற்கூறிய அன்பரின் பண்ணையிலே பழைய இயந்திரமொன்று, நேரே செல்லும்போதே பின்சில்லை இடப்பக்கம் சாய்க்கத் தொடங்கிற்றாம். பழுதுபார்க்க வந்தவர் பெட்டி கெட்டதென்றார். பெரும்பணங் கொடுத்து வேறு பெட்டி பூட்டினர், நோய் மாறவில்லை. விதைப்புக்கும் முதற் பனிக்கும் இடையே சில மாதங்களே உள்ள அந்நாட்டில், விதைப்புக் காலத்திற் சில நாள்களை இழத்தல் சிறிதன்று.

பெட்டியை முதலிற் குற்றஞ்சாட்டுதல் எங்குங் காணும் வழக்கம். உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாமை காரணம்போலும். முறையோ வேறு. முதலில் மின்கலவடுக்கை நோக்குக. 12 வோல்ற்று அமைப்பில், எஞ்சின் ஓடுங்கால் ஏறத்தாழ 14 வோல்ற்று காட்டல் வேண்டும். அடுத்தது புவித்தொடுப்பு. பெட்டியின் புவிக் கம்பிக்கும் மின்கலவடுக்கின் மறைமுனைக்கும் இடையே, அமைப்பு இயங்குங்கால், பல்மானி அரை வோல்ற்றுக்கு மேற் காட்டின் இடையில் எங்கோ அரிப்போ தளர்வோ உண்டு. மின் பாயாதபோது தடையை அளந்து நன்றென்று விட்டுவிடலாகாது. பாயும்போதே இக்குறை வெளிப்படும்.

பின்னர் உணரி. எஞ்சினை நிறுத்தி, சாவியை மட்டும் திருப்பி, உணரியின் இணைப்புக் கோலைக் கழற்றிக் கையால் மெல்லச் சுழற்றுக. 5 வோல்ற்று ஊட்டப்படும் உணரியாயின் அதன் வெளியீடு சீராக ஏறியிறங்கும். இடையிலே சட்டென வீழ்ந்தெழின் உட்பாதை தேய்ந்தது. முள் அசையும் பழைய பல்மானி இவ்விடத்தில் இலக்கக் கருவியினும் நன்று. வீழ்ச்சியைக் கண்ணாற் காணலாம்.

குற்றம் மின்னிலோ எண்ணெயிலோ என்னும் ஐயந்தீர, வால்வின் வரிச்சுருட் செருகியைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஓட்டுக. அப்போதும் சில்லு தானே நகருமாயின் கம்பிகளை விட்டு, வால்விலும் எண்ணெயுருளையிலும் தேடுக. ஓட்டுமுன் சில்லுக்கும் உடலுக்கும் இடையே எவரும் இல்லையென்பதை இருமுறை பார்த்துக்கொள்ளல் வேண்டும். நசுங்கினால் உயிர் தப்பாது. பழுது தீருமட்டும் வீதியில் ஓட்டுதலுமாகாது.

எம் அன்பர் இரண்டாம் படியிலேயே நோயைக் கண்டுவிட்டார். ஓட்டுநர் அறையின் அடியிலே, புவிக் கம்பியின் முனை களிம்பேறிப் பச்சை பூத்திருந்ததாம். சுரண்டித் துப்புரவாக்கி இறுக்கியதும் பின்சில்லு நேராயிற்று. கழற்றிய பழைய பெட்டி இன்றும் பழுதின்றி அவருடைய இறாக்கையில் இருக்கின்றது.