பதினாறு நாள் வேலையும் ஒரு தேர்வும்

கும்மிடிப்பூண்டி செல்லும் மின்ரயிலில் எண்ணூருக்கு அப்பால் அத்திப்பட்டு நிலையம் வருகிறது. கிழக்கே நோக்கினால் வடசென்னை அனல் மின் நிலையத்தின் உயர்ந்த புகைபோக்கிகள் தெரியும். அங்கு 1994 முதல் 1996 வரை 210 மெகாவாட் அலகுகள் மூன்று இயங்கத் தொடங்கின. 2013-14இல் 600 மெகாவாட் அலகுகள் இரண்டு சேர்ந்தன. 800 மெகாவாட் அலகு ஒன்று 2024 மார்ச்சில் தொடங்கி வைக்கப்பட்டது. அருகிலுள்ள எண்ணூர் துறைமுகம் 2001 முதல் கப்பலில் வரும் நிலக்கரியை இறக்கி வருகிறது.

இத்தகைய நிலையங்களில் ஆண்டுதோறும் பழுதுபார்ப்புக்காக அலகை நிறுத்துவார்கள். ஷட்டவுன் என்று அதனைச் சொல்வது வழக்கம். அந்த நாட்களில் வெல்டர்களையும் சாரம் கட்டுபவர்களையும் ஓயாது விரட்டி, வேலையைக் குறித்த நாளில் முடிக்கும் சூப்பர்வைசர்கள் பலர் தமிழ் வழியில் படித்தவர்கள். வேலை தெரியும், ஆனால் தெரியும் என்று காட்டக் கையில் தாள் இல்லை. அப்படி ஒரு தாளைத் தரும் தேர்வைப் பற்றியும், அதன் உள்ளே இருக்கும் எளிய கணிதத்தைப் பற்றியும் இங்கே காண்போம்.

எந்தத் தேர்வு?

அமெரிக்காவில் 1969இல் தோன்றிய 'புராஜெக்ட் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிட்யூட்' என்னும் அமைப்பு, 1984 முதல் பி.எம்.பி. என்ற சான்றிதழை வழங்கி வருகிறது. திட்டப்பணிகளை நடத்தும் திறனுக்கு உலகெங்கும் அறியப்பட்ட சான்று இது. 2021இல் வந்த அமைப்பின்படி இதில் 180 வினாக்கள். நேரம் 230 நிமிடம். வகுத்துப் பாருங்கள்: வினா ஒன்றுக்கு ஏறத்தாழ 77 வினாடிதான். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. எனவே எந்த வினாவையும் விட்டுவிடக் கூடாது.

தேர்வு எழுத அனுபவம் வேண்டும். அந்த விதிகளில், நான்காண்டுப் பட்டமோ அதற்கு ஈடானதோ பெற்றவர் 36 மாதமும், பள்ளிக் கல்வியோ பட்டயமோ பெற்றவர் 60 மாதமும் திட்டப்பணிகளை முன்நின்று நடத்தியிருக்க வேண்டும். 35 மணி நேரப் பயிற்சியும் தேவை. ஆக, கல்லூரிப் பட்டம் இல்லாதவருக்கும் கதவு திறந்தே இருக்கிறது. விதிகள் அவ்வப்போது மாறுபவை. விண்ணப்பிக்குமுன் அந்த அமைப்பின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்வது நல்லது.

பதினாறு நாள் எங்கிருந்து வந்தது?

கற்பனையாக ஒரு ஷட்டவுனை எடுத்துக்கொள்வோம். பாய்லரை அணைத்து ஆறவிட 2 நாள். பின்னர் உள்ளே சாரம் கட்ட 3 நாள். பழுதான குழாய்களை வெட்டி, புதியவற்றை வெல்டிங் செய்ய 8 நாள். நீரழுத்தச் சோதனைக்கு 2 நாள். மீண்டும் பற்றவைத்து ஓட்டிப்பார்க்க 1 நாள். பாய்லரை அணைத்து ஆறவிட்ட பின் வேறு இரு பணிகளையும் ஒரே நேரத்தில் தொடங்கலாம்: நிலக்கரி அரைக்கும் மில்லைப் பழுதுபார்க்க 9 நாள், கன்வேயர் பெல்ட்டை மாற்ற 6 நாள். இவை அனைத்தும் முடிந்த பின்னரே பற்றவைக்க முடியும்.

எல்லாவற்றையும் கூட்டினால் 31 நாள் வருகிறது. ஆனால் அது விடையன்று. வழிகளைத் தனித்தனியே கூட்டுங்கள். குழாய் வழி: 2+3+8+2+1 = 16. மில் வழி: 2+9+1 = 12. பெல்ட் வழி: 2+6+1 = 9. மிக நீண்ட வழியே முழு வேலையின் காலத்தை நிர்ணயிக்கிறது. இதனை ஆங்கிலத்தில் 'கிரிட்டிகல் பாத்' என்பர். நாம் நெருக்கடிப் பாதை எனலாம். 1950களின் இறுதியில் அமெரிக்காவின் டூபாண்ட் ரசாயன நிறுவனத்தில், ஆலைகளைக் கட்டுவதற்கும் நிறுத்திப் பழுதுபார்ப்பதற்கும் உருவான முறை இது.

பெல்ட் வேலை 7 நாள் தாமதமானாலும் ஷட்டவுன் நீளாது. குழாய் வெல்டிங் ஒரே நாள் தாமதமானால் எல்லாமே ஒரு நாள் தள்ளிப்போகும். எனவே பெல்ட் அருகே பத்துப் பேரைக் கூடுதலாக நிறுத்துவது பணத்துக்குக் கேடு. சரி, வெல்டிங்கை 8 நாளிலிருந்து 3 நாளாகக் குறைத்துவிட்டால் 11 நாளில் முடியுமா? முடியாது. அப்போது 12 நாள் பிடிக்கும் மில் வழி நெருக்கடிப் பாதை ஆகிவிடும்! பாதை இடம் மாறும் என்பதை மறந்தவர்களே தேர்விலும் சறுக்குகிறார்கள், களத்திலும் சறுக்குகிறார்கள்.

மதிப்பீட்டிலும் பிழை உண்டு

வெல்டிங் 8 நாளில் முடியும் என்று எப்படிச் சொன்னோம்? ஆய்வகத்தில் ஓர் அளவைப் பலமுறை எடுக்கிறோம் அல்லவா? அதுபோல இங்கு மூன்று மதிப்பீடுகள் எடுப்பது வழக்கம். எல்லாம் நன்றாக நடந்தால் 6 நாள். வழக்கமாக 8 நாள். மழையோ பொருள் தட்டுப்பாடோ வந்தால் 16 நாள் என்க. நடு மதிப்புக்கு நான்கு பங்கு கொடுத்து, கூட்டி, ஆறால் வகுக்க வேண்டும்: (6+32+16)÷6 = 9. எதிர்பார்க்க வேண்டியது 8 அன்று, 9. அமெரிக்கக் கடற்படை தன் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக 1958இல் உருவாக்கிய 'பெர்ட்' முறை இதுவே.

செலவும் வேலையும் ஒன்றா?

மொத்த வேலையின் மதிப்பு 20 லட்சம் ரூபாய். எட்டாம் நாள் மாலைக்குள் 10 லட்சம் பெறுமான வேலை முடிந்திருக்க வேண்டும் என்பது திட்டம். செலவானது 9 லட்சம். "திட்டத்தைவிடக் குறைவான செலவு, எல்லாம் சரி" என்று சிலர் மகிழ்வார்கள். ஆனால் உண்மையில் முடிந்த வேலையின் மதிப்பு 8 லட்சமே என்றால்? 8ஐ 9ஆல் வகுக்க 0.89, 8ஐ 10ஆல் வகுக்க 0.8. இரண்டும் ஒன்றுக்குக் கீழே. பணமும் அதிகம் போயிற்று, காலமும் பின்தங்கிற்று. செலவைப் பார்க்காதே, முடிந்த வேலையைப் பார் என்பதே இதன் பாடம்.

கணக்கைவிடக் கடினமானது

இந்தக் கணக்குகள் பத்தாம் வகுப்பு மாணவருக்கும் எட்டுபவை. தேர்வின் பெரும்பகுதி கணக்கன்று, சூழ்நிலை வினாக்கள். ஒரு மாதிரியைப் பாருங்கள்: வேலை நடுவே நிலையப் பொறியாளர் வந்து, "இன்னும் நான்கு குழாய்களை மாற்றிவிடுங்கள்" என்று வாயால் சொல்கிறார். நீங்கள் முதலில் செய்வது என்ன? (அ) உடனே மாற்றுவது. (ஆ) மறுப்பது. (இ) காலம், செலவு, பாதுகாப்பு ஆகியவற்றில் விளைவைக் கணித்து, முறைப்படி ஒப்புதலுக்கு வைப்பது. கைத்திறன் மிக்க நம் சூப்பர்வைசர்கள் பலருக்கு (அ) என்பதே நாவில் வரும். விடை (இ). பழக்கத்தை மாற்றிக்கொள்வதே இத்தேர்வின் உண்மையான பாடம்.

இத்தேர்வு தமிழில் நடப்பதில்லை. தமிழ் வழி மாணவர் பலரும் அஞ்சும் இடம் இதுதான். என் வகுப்பில் நான் சொல்வது ஒன்றே: கருத்தைத் தமிழில் பிடியுங்கள், வினாவை ஆங்கிலத்தில் படியுங்கள். நெருக்கடிப் பாதை தமிழில் புரிந்துவிட்டால், வினாவில் வரும் ஆங்கிலச் சொல் அதன் பெயர்ப்பலகைதான். நாளொன்றுக்கு இருபது சூழ்நிலை வினாக்களைப் படித்து, 'முதலில்', 'அடுத்து', 'தவிர' என்று பொருள்படும் சொற்களின்கீழ்க் கோடிடுங்கள். தவறிய விடைக்குக் காரணத்தைத் தமிழில் ஒரு வரி எழுதி வையுங்கள். மூன்று மாதத்தில் வேகம் தானே வரும்.

இரண்டு எச்சரிக்கைகள். தேர்வுக் கட்டணம் கணிசமானது. "தேர்ச்சி உறுதி" என்று விளம்பரம் செய்வோரிடம் மேலும் பணம் இழக்க வேண்டாம். விண்ணப்பத்தில் அனுபவத்தைக் கூட்டியும் எழுத வேண்டாம். சில விண்ணப்பங்களைத் தேர்ந்தெடுத்துச் சான்று கேட்பார்கள். ஆகவே இன்றே ஒரு நோட்டு வாங்கி, எந்த வேலை, எத்தனை பேர், எத்தனை நாள், உங்கள் பொறுப்பு என்ன என்று குறித்து வாருங்கள்.

தேர்வு எழுதாவிட்டாலும் அந்த நோட்டு வீணாகாது. அடுத்த ஷட்டவுனின்போது அதில் வழிகளை வரைந்து கூட்டிப் பாருங்கள். எந்த வேலைக்கு ஆள் கூட்ட வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதை அதுவே சொல்லிவிடும்.