தனித்திருந்து ஆங்கிலம் பேசப் பழகுதல்

ஆங்கில நூலைப் படித்துப் பொருள் உணர்வோர் நம்மிடையே பலர் உளர். பிழையின்றிக் கடிதம் எழுதுவோரும் உளர். ஆயினும், பிறர் முன்னிலையில் நான்கு வாக்கியம் தொடர்ந்து பேச நேரின், அவருள் பலர்க்கு நா எழுவதில்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டும் இடைநிலைப் பள்ளியில் ஐந்தாண்டும் ஆங்கிலம் பயின்ற மாணவன், நேர்முகத் தேர்வில் வாய் திறவாது நிற்கின்றான். எதிரே அமர்ந்திருப்போர் அவனுக்கு ஒன்றும் தெரியாதென்று முடிவு கட்டுகின்றனர். தெரிந்தும் தெரியாதவனாக எண்ணப்படுதல் எத்துணைப் பெரிய இழப்பு! பேச்சுத் துணையில்லாத தோட்டத்திலும் சிற்றூரிலும் வாழ்வோர் இக்குறையைத் தாமே போக்கிக்கொள்ள இயலுமா?

குறையின் பிறப்பிடம்

தமிழில் வினைமுற்று பெரும்பாலும் வாக்கியத்தின் இறுதியில் நிற்கும். ஆங்கிலத்திலோ எழுவாயை அடுத்தே வந்துவிடும். "நான் நேற்றுச் சந்தையில் மீன் வாங்கினேன்" என்று உள்ளத்தில் தமிழில் அமைத்துக்கொண்டு ஆங்கிலமாக்க முயல்வோன், கடைசியில் நிற்கும் 'வாங்கினேன்' என்பதை முன்னே கொணர்ந்து, ஏனையவற்றைத் தலைகீழாக அடுக்க வேண்டும். எழுதும்போது இதற்கு நேரமுண்டு, பேசும்போது இல்லை. ஆகவே, இலக்கணம் நன்கறிந்தவரும் தடுமாறுவதற்கு, மொழிபெயர்த்துப் பேசும் வழக்கமே முதற் காரணமாகும்.

இரண்டாவது காரணம் ஒலி. தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் பிறப்பியல் என்றே ஓர் இயல் வகுத்து, நாவும் பல்லும் இதழும் பொருந்தி எழுத்துகள் பிறக்குமாற்றை விளக்கினார். அவ்வறிவு ஆங்கில ஒலிக்கும் உதவும். காற்றாடியைக் குறிக்கும் 'ஃபேன்' என்ற சொல்லுக்கு மேற்பல் கீழுதட்டைத் தொட, இடையே காற்று உரசி வெளிவர வேண்டும். ஈரிதழும் பொருந்திவிட்டால் அது வாணலியாகிய 'பேன்' ஆகிவிடும். அழுத்தமும் இத்தகையதே. 'பிரெசென்ட்' என்பதில் முதலசையை அழுத்தினால் 'பரிசு'. இரண்டாம் அசையை அழுத்தினால் 'வழங்கு'. தமிழில் அசையழுத்தம் இவ்வாறு பொருளை மாற்றாது. ஆதலின் நம் செவி அதனைக் கருதுவதில்லை.

சிலீமன் கண்ட வழி

தனித்துப் பயின்றோர்க்கு நல்ல சான்று ஹைன்ரிக் சிலீமன் (1822–1890) என்னும் ஜெர்மானியர். பிற்காலத்தில் துருக்கி நாட்டு மேடொன்றை அகழ்ந்து பழைய டிராய் நகரை உலகறியச் செய்தவர் இவரே. இளமையில் ஆம்ஸ்டர்டாம் நகரில் வறிய எழுத்தராக இருந்தபோது ஆங்கிலம் கற்றார். உரக்கப் படித்தல், மொழிபெயர்க்காதிருத்தல், விருப்பமான பொருள் பற்றிக் கட்டுரை எழுதுதல், ஆசிரியர் திருத்தியபின் அதனை மனப்பாடம் செய்து ஒப்பித்தல் ஆகியவையே அவர் முறை. ஞாயிறுதோறும் ஆங்கிலேயர் கோயிலுக்குச் சென்று, போதகர் கூறும் ஒவ்வொரு சொல்லையும் மெல்லிய குரலில் உடனுக்குடன் சொல்லிப் பார்த்தார். மழையில் ஏவல் வேலைக்குச் சென்றபோதும் கையில் நூல் இருந்தது. ஆறு மாதத்தில் ஆங்கிலம் கைவந்ததாக அவரே தம் வரலாற்றில் எழுதியுள்ளார்.

பின்னர் உருசிய மொழி பயின்றபோது ஆசிரியர் எவரும் கிட்டவில்லை. அம்மொழியில் ஓரெழுத்தும் அறியாத வறியவர் ஒருவரை வாரம் நான்கு பிராங்குக்கு அமர்த்தி, நாள்தோறும் மாலையில் இரண்டு மணி நேரம் அவர்முன் ஒப்பித்தார். அந்த ஓசை பொறாது பிற குடியிருப்பாளர் முறையிட, இருமுறை வீடு மாற நேர்ந்தது! கேட்கும் செவி ஒன்றிருந்தால் நாவுக்குத் துணிவு பிறக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

நாம் செய்யத்தக்கவை

அன்று கோயிலில் தேடிய குரல் இன்று வானொலியிலும் கைப்பேசியிலும் கிடைக்கின்றது. தெளிவான பேச்சொன்றை நாளும் பத்து நிமிடம் கேட்டு, அரைச் சொல் பின்னே தொடர்ந்து சொல்லிப் பழகலாம். தனிச் சொற்களைத் திரட்டுவதினும் முழு வாக்கியங்களை வாயாரச் சொல்லிப் பதித்தல் நன்று. அவை ஆங்கில அடுக்கிலேயே நாவில் எழும். தமிழிலிருந்து புரட்ட வேண்டுவதில்லை. தன் குரலைப் பதிந்து மூலத்தோடு ஒப்பிட்டால் ஒலிக்குறை புலப்படும்.

நியூசிலாந்து மொழியாசிரியர் பால் நேசன் 1989இல் ஆராய்ந்து எழுதிய முறையும் பயன்மிக்கது. ஒரே செய்தியை முதலில் நான்கு நிமிடத்திலும், பின் மூன்று நிமிடத்திலும், இறுதியில் இரண்டு நிமிடத்திலும் சொல்ல வேண்டும். கேட்போர் ஒவ்வொரு முறையும் வேறாக இருத்தல் அவர் விதி. தனித்திருப்போர் சுவரை நோக்கியும் சொல்லலாம். பொருளைத் தேடும் வேலை முதல் முறையிலேயே முடிவதால், அடுத்தடுத்த முறைகளில் நா விரைந்து செல்கின்றது.

எனினும் தனிமைக்கு ஓர் எல்லை உண்டு. அது சரளத்தைத் தரும், திருத்தத்தைத் தாராது. திருத்துவார் இன்மையால் தம் உருசியக் கட்டுரைகள் மிக மோசமாகவே இருந்திருக்கும் எனச் சிலீமனே ஒப்புக்கொண்டார். எனவே வாரம் ஒரு முறையேனும் அறிந்தவர் ஒருவரிடம் பேசிக் காட்டுதல் இன்றியமையாதது.

வகுப்பில் ஒருமுறை நகைக்கப்பட்ட பிள்ளை மறுமுறை வாய் திறக்க அஞ்சும். தனிமையில் நகைப்பார் இல்லை. அங்கே ஆயிரம் முறை தவறலாம். திண்ணைப் பள்ளியில் ஆத்திசூடியையும் நிகண்டையும் உரக்க ஓதிப் பதித்தவர் நம் முன்னோர். அவ்வோதும் பழக்கத்தை ஆங்கிலத்திற்கும் ஆளுமாறு ஆசிரியர் மாணவர்க்குக் காட்டவேண்டும். அதற்கு முன், தாமும் ஒரு மாலை கதவைச் சாத்திக்கொண்டு உரக்கப் படித்துப் பார்ப்பாராக.