செவலையின் இருமல்

எங்கள் பூனை செவலை தரையோடு தரையாகப் பதுங்குவான். கழுத்தை முன்னால் நீட்டி, முழங்கைகளை விரித்துக்கொண்டு, பத்துப் பதினைந்து முறை கக்கப் பார்ப்பான். பிறகு எதையோ விழுங்கிவிட்டு எழுந்து தட்டு பக்கம் போய்விடுவான்.

"முடி உருண்டை தொண்டையில நிக்குது. அருகம்புல் தின்னா சரியாயிடும்" என்றார் அத்தை. நானும் தொட்டியில் அருகம்புல் வைத்தேன். ஒரு வருஷம் இப்படியே போனது. அந்த வருஷம் முழுக்க ஒரு முடி உருண்டைகூட வெளியே விழவில்லை. அதை நான் யோசிக்கவே இல்லை.

அவன் கக்கவில்லை, இருமியிருக்கிறான். பூனை இருமும் என்றே எனக்குத் தெரியாது.

தெரியவந்தது ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி. கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். வயிறு துருத்திபோல் ஏறி இறங்கியது. நாய் வாய் திறந்து மூச்சு விட்டால் பயப்பட வேண்டியதில்லை. பூனை விட்டால் அந்த நிமிஷமே கிளம்ப வேண்டும். கூடையில் வைத்து ஆட்டோ பிடித்தோம். மருத்துவர் எக்ஸ்ரே பக்கமே போகவில்லை. ஆக்சிஜன் கூண்டில் விட்டு, மூச்சுக்குழாயை விரிக்கும் ஊசியும் ஸ்டீராய்டு ஊசியும் போட்டார். "இந்த நிலையில பிடிச்சு அமுக்கிப் படம் எடுத்தா, அந்தப் போராட்டத்துலயே போயிடும்மா" என்றார்.

மறுநாள்தான் படம். மூச்சுக்குழாய்ச் சுவர்கள் தடித்திருந்தன. குறுக்கே தெரிந்த குழாய்கள் உளுந்துவடை மாதிரி வளையமாகவும், நீளவாக்கில் தெரிந்தவை தண்டவாளம் மாதிரி இரட்டைக் கோடாகவும் இருந்தன. ஆஸ்துமா. மனிதர்களுக்கு வருவது போலவேதான்: காற்றில் வரும் ஏதோ ஒன்று உடம்புக்கு ஒவ்வாமல், குழாய்கள் வீங்கி, சளி கட்டி, சுற்றியுள்ள தசை இறுகிவிடுகிறது. உள்ளே போன காற்று வெளியே வரத் திணறும். நூறு பூனைகளில் ஒன்று முதல் ஐந்து வரைக்கும் இது இருக்கலாம் என்கிறார்கள். நடுவயதில் தெரியவருவதுதான் அதிகம். செவலைக்கு அப்போது நாலு வயது. ஆனால் மூச்சிரைப்பு எல்லாமே ஆஸ்துமா இல்லை. இதய நோய், நெஞ்சில் நீர் கோத்தல், நுரையீரல் புழு எல்லாம் ஏறக்குறைய இதே மாதிரிதான் காட்டும். அதனால்தான் அவன் மலத்தையும் சோதித்தார்கள்.

முதலில் பிரெட்னிசலோன் மாத்திரை. அதைச் சொன்னபடி மெல்லக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். வருஷக் கணக்கில் கொடுத்தால் சர்க்கரை நோய் வரும் அபாயம் உண்டு. அதனால் புளூட்டிகசோன் இன்ஹேலருக்கு மாறினோம். கைக்குழந்தைக்கு வைக்கும் சின்ன மாஸ்க், நடுவில் ஸ்பேசர் குழாய். ஒரு வாரம் மருந்தே இல்லாமல் மாஸ்க்குக்குள் வேகவைத்த கோழித்துண்டு வைத்துப் பழக்கினேன். மூஞ்சியைத் தானாக உள்ளே விட்ட பிறகுதான் மருந்து. ஒரு தடவை அழுத்திவிட்டு, ஏழிலிருந்து பத்து மூச்சு வரை பிடித்திருப்பேன். காலை ஒருமுறை, மாலை ஒருமுறை. இது முழுசாகப் பிடிக்க இரண்டு வாரம் ஆகும், அதுவரை மாத்திரையும் கூடவே ஓடும். திடீரென்று இழுத்தால் கொடுக்க சால்பியூட்டமால் தனியாக இருக்கிறது. அது அந்த நேரத்துக்குக் குழாயைத் திறக்கும், வீக்கத்தை ஆற்றாது.

பக்கத்து வீட்டு அக்கா பாசத்தோடு யூகலிப்டஸ் தைலம் கொண்டுவந்தார். வேண்டாம் என்றேன். பூனையின் கல்லீரலால் இந்த மாதிரி எண்ணெய்களைச் சமாளிக்க முடியாது. பாரசிட்டமால் அதைவிட மோசம், ஒரே மாத்திரை உயிரை எடுத்துவிடும். இதை எந்தப் பூனை வீட்டுக்குப் போனாலும் சொல்லிவிட்டுத்தான் வருகிறேன்.

"எந்தெந்த நாள் வருது?" என்று மருத்துவர் கேட்டிருந்தார். காலண்டரில் குறித்துக்கொண்டு வந்தோம். வெள்ளி, செவ்வாய். சாம்பிராணி போடும் நாட்கள். அத்தை ஐம்பது வருஷமாகப் போடுகிறவர். நான் எப்படிச் சொல்வது என்று தயங்கிக்கொண்டிருக்கையில், அவரே தூபக்காலைத் துடைத்துப் பரணில் வைத்துவிட்டு, "விளக்கு மட்டும் போதும்" என்றார். கொசுவத்தியும் போனது, வலை வந்தது. பூனை மணலையும் தூசி பறக்காததாக மாற்றினேன். இவற்றில் எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. இருமல் மாதத்துக்கு ஒன்றிரண்டு என்று குறைந்திருக்கிறது.

இப்போது தினமும் அவன் தூங்கும்போது மூச்சை எண்ணுகிறோம். வயிறு ஒருமுறை ஏறி இறங்கினால் ஒன்று. நிமிஷத்துக்கு முப்பதுக்குள் இருந்தால் நிம்மதி. தூக்கத்திலேயே நாற்பதைத் தாண்டினால் மருத்துவமனை. இருமினால் போனில் வீடியோ எடுத்துவைக்கிறேன், ஏனென்றால் மருத்துவர் மேஜையில் எந்தப் பூனையும் இருமிக் காட்டுவதில்லை.

நேற்று ராத்திரி நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கூடத்தில் அத்தை, கடிகாரத்தைப் பார்த்தபடி விரல்கணுக்களில் எண்ணிக்கொண்டிருந்தார். பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பி, தூங்குகிறவன் எழுந்துவிடாத குரலில், "இருபத்தி நாலு" என்றார்.