கணக்கா? கணிப்பா?



"ஆளைப் பார்த்தாலே தெரியும்டா" என்று ஒரு கட்சி. "எடுத்த பாயிண்டைப் பாருங்க" என்று இன்னொரு கட்சி. கொள்ளிடம் மணலில் டீம் பிரிக்கும்போதெல்லாம் நமக்குள் வருகிற சண்டைதான். எது சரி? இரண்டு ஆட்டங்களைப் பார்ப்போம்.

24.9.2007, ஜோகன்னஸ்பர்க். முதல் டி20 உலகக் கோப்பை இறுதி ஆட்டம். நம்மில் பலர் அப்போது பிறக்கவே இல்லை! கடைசி ஓவரில் பாகிஸ்தானுக்கு 13 ரன் தேவை. கையில் ஒரே விக்கெட். அனுபவசாலி ஹர்பஜனுக்கு ஒரு ஓவர் பாக்கி இருந்தது. ஆனால் தோனி பந்தைக் கொடுத்தது புதியவரான ஜோகிந்தர் சர்மாவிடம். மிஸ்பா தூக்கி அடித்தார், ஸ்ரீசாந்த் பிடித்தார். 5 ரன்னில் வெற்றி!

"தோனிக்கு உள்மனசு சொல்லிச்சு" என்பார்கள். அன்றைய ஸ்கோரையும் பாருங்கள். அதுவரை ஹர்பஜன் 3 ஓவரில் கொடுத்தது 36 ரன். ஜோகிந்தர் 3 ஓவரில் கொடுத்தது 13 தான். கணக்கும் அதையேதான் சொன்னது!

2.4.2011, மும்பை. உலகக் கோப்பை இறுதி ஆட்டம். இலக்கு 275. 114 ரன்னில் 3 விக்கெட் போய்விட்டது. அந்தத் தொடரில் யுவராஜ் ஒரு சதம், நான்கு அரை சதம் அடித்திருந்தார். தோனி ஒரு அரை சதம்கூட அடிக்கவில்லை. நோட்டைப் பார்த்தால் யுவராஜ்தான் இறங்க வேண்டும். ஆனால் பயிற்சியாளர் கேரி கிர்ஸ்டனிடம் சொல்லிவிட்டு தோனியே இறங்கினார். ஏன்? எதிரணியில் முரளிதரன் இருந்தார். சென்னை சூப்பர் கிங்ஸில் மூன்று சீசன் கூடவே ஆடியதால் அவர் பந்து தோனிக்கு அத்துப்படி. களத்தில் நின்ற கம்பீர் இடது கை ஆட்டக்காரர் என்பதால் வலது கை ஆட்டக்காரர் வந்தால் பந்து வீசுவோருக்குச் சிரமம். தோனி 79 பந்தில் 91 ரன், நாட் அவுட்!

அப்படியென்றால் உள்மனசு என்பது குருட்டுத்தனம் அல்ல. பல நாள் பார்த்துப் பழகியது மனசுக்குள் கணக்காகவே தங்கியிருக்கிறது. ஆனால் மனசு சில சமயம் ஏமாற்றும். பலித்ததை ஞாபகம் வைக்கும், பலிக்காததை மறந்துவிடும்.

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். போன முறை கபடிக்கு ஆள் எடுத்தபோது, பாடிப் போய் பிடிபட்ட ஒருத்தனை "இவன் வேணாம்"னு சொன்னது நான்தான். அதுக்கு முன்னாடி அவன் எத்தனை பாயிண்ட் எடுத்தான்னு யாருமே எழுதி வைக்கலை. அவன் வெளியே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது இன்னும் உறுத்துது.

அதனால் ஒரு 40 பக்க நோட்டு போடுவோம். எத்தனை முறை பாடிப் போனான், எத்தனை பாயிண்ட், எத்தனை முறை பிடிபட்டான்னு மூணு கட்டம் போதும். முதலில் நோட்டைப் பார்ப்போம், பிறகு மனசைக் கேட்போம்.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்