கடல் மயக்கமும் உட்செவியும்

கப்பலில் தலைசுற்றி, வியர்த்து, குமட்டலெடுத்துத் துவள்வோரைக் கண்டு, மனவுறுதி அற்றவர் என நகைப்பார் இன்றும் உளர். அந்நகைப்புப் பொருந்தாதது என்பதற்கு ஒரு பெயரே போதும். 1805-இல் டிரஃபால்கர் போரில் வெற்றியீட்டி மடிந்த ஆங்கிலக் கடற்படைத் தலைவர் நெல்சன், பன்னிரண்டாம் அகவையிலேயே கப்பலேறியவர். முப்பதாண்டு கடல்வாழ்விற்குப் பின்னரும், காற்று மிகும்போதெல்லாம் தாம் நோயுறுவதாக 1804-இல் எழுதினார். அவரைக் கோழை என்பார் யார்?

இந்நோய் வயிற்றில் தோன்றுவதன்று. அதன் மூலம் செவியில் உள்ளது. உட்செவியில் நீர்மம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழல்கள் தலையின் திருப்பத்தை உணர்த்துகின்றன. அவற்றையடுத்த இரு சிறு பைகளில் நுண்ணிய சுண்ணக் கற்கள் பதிந்துள்ளன; எழுதலையும் தாழ்தலையும் சாய்தலையும் அவை அறிவிக்கின்றன. கப்பலறைக்குள் இருப்பவரின் கண்ணுக்குச் சுவரும் மேசையும் அசைவற்றுத் தோன்றும். செவியோ 'எழுகிறோம், வீழ்கிறோம்' என்று முறையிடும். சாட்சிகள் முரண்பட, மூளை தடுமாறுகிறது. அத்தடுமாற்றமே குமட்டலாகிறது என்பர் அறிஞர். ஓடும் பேருந்தில் நூல் படிக்கும் நம் மாணவர் சிலர் இதை நன்கறிவர். ஆயின், பார்வையற்றோரும் இம்மயக்கத்திற்கு ஆளாவதுண்டு. ஆகவே முரண் கண்ணுக்கும் செவிக்கும் இடையே மட்டுமன்று. மூளை பழக்கத்தால் எதிர்பார்க்கும் அசைவுக்கும் உண்மையில் நேரும் அசைவுக்கும் இடையிலும் ஆகும்.

செவியே மூலம் என்பதற்கு வலுவான சான்றொன்று உண்டு. 1882-இல் அமெரிக்க உளவியலறிஞர் வில்லியம் ஜேம்ஸ் செவிப்புலனற்றோர் பலரை ஆராய்ந்தார். அவருள் பலருக்குச் சுழற்றினாலும் தலைசுற்றவில்லை. கடல் மயக்கமும் அத்தகையோரை அணுகுவதில்லை எனக் கண்டார். உட்செவியின் சமநிலை உறுப்புச் செயலிழந்தோர்க்கு இந்நோய் வருவதில்லை என்பதைப் பிற்கால ஆய்வுகளும் உறுதிசெய்தன. எனவே, மயங்கி விழுபவரின் செவி பழுதற்றது என்றே கொள்ளல் வேண்டும்!

எனினும் நலமான செவியுடையார் அனைவரும் ஒருபடித்தாக வருந்துவதில்லை. இரண்டு அகவைக்குட்பட்ட குழந்தைகள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றனர். பத்து அகவையை ஒட்டிய சிறார்க்குத் தொல்லை மிகுதி. பின்னர்ப் படிப்படியாகக் குறையும். ஆடவரினும் மகளிர்க்கும், ஒற்றைத் தலைவலி உடையார்க்கும் இது கூடுதல். குடும்பவழி வருவதும் உண்டு.

பெரும்பாலோர்க்கு இரண்டு மூன்று நாளில் பழகிவிடும். சிலர்க்கு அதுவும் வாய்ப்பதில்லை. 1831 டிசம்பரில் 'பீகிள்' கப்பலில் புறப்பட்ட சார்லஸ் டார்வின், 1836-இல் திரும்பும்வரை அம்மயக்கத்தினின்று மீளவேயில்லை. அப்பயணத்தின் பெரும்பகுதியை அவர் தரையிலேயே கழித்தார்.

பழகிக்கொண்டவர்க்கும் ஓர் இடர் உண்டு. ஆட்டத்தையே எதிர்பார்க்கக் கற்றுக்கொண்ட மூளை அதனை உடனே மறப்பதில்லை. கரையிறங்கியபின் சிறிது காலம் அவர்க்கு அசையாத தரையும் ஆடும்.